படைவீரர் நலன் என்று நன்கொடை கேட்கும் சிறிய அமைப்புகள்: கேள்வி பதில்

சிறிய அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். முன்னாள் படைவீரர்களுக்காக என்று நடத்தப்படும் சிறிய அமைப்புகளை எப்படி எடைபோடுவது என்று பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அம்பத்தூர்): டிசம்பர் முதல் வாரத்தில் இருவர் உண்டியலோடு எங்கள் குடியிருப்புக்கு வந்து, கொடிநாள் வசூல் என்று சொல்லிச் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடியைத் தந்தார்கள். ரசீது கேட்டபோது ஓர் அறக்கட்டளையின் பெயர் அச்சிட்ட சீட்டைக் கொடுத்தார்கள். இது அரசு வசூல்தானா?

பதில்: சீட்டில் தனியார் அறக்கட்டளையின் பெயர் இருந்தால் அது அரசு வசூல் அன்று. படைவீரர் கொடிநாள் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது; நம் மாநிலத்தில் அதற்கான வசூலை மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கவனிக்கிறது. வந்தவர்கள் மோசடிக்காரர்கள் என்று இதை மட்டும் வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் அரசு நிதியின் பெயரை இரவல் வாங்கித் தங்கள் உண்டியலை நீட்டும்போதே அவர்கள் ஒரு படி இறங்கிவிடுகிறார்கள். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரித்துவிட்டு வங்கி வழியாக அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். உண்மையான அமைப்புக்கு அதில் வருத்தம் இருக்காது.

கேள்வி (திருச்சி): துண்டுப் பிரசுரத்தில் பதிவு எண், நன்கொடையாளருக்கு வருமான வரிக்கழிவு தரும் 80ஜி எண், தொண்டு அமைப்புகள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக் தளமான தர்பனின் எண் எல்லாம் இருக்கின்றன. இதற்கு மேலும் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. பதிவு எண் பிறப்புச் சான்றிதழைப் போன்றது. குழந்தை பிறந்ததைச் சொல்லுமே தவிர, வளர்ந்து என்ன செய்கிறது என்று சொல்லாது. அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்திருக்க வேண்டும். எந்த ஆண்டில் பதிவு செய்தீர்கள் என்று கேட்பதைவிட, கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தீர்கள் என்று கேளுங்கள். தர்பன் எண்ணை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமைப்பு தன்னைப் பற்றித் தானே கொடுத்த விவரங்களே அங்கே பெரும்பாலும் இருக்கும்.

80ஜி விஷயத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. 2021-22 நிதியாண்டு முதல், நீங்கள் கொடுத்த தொகையை அமைப்பே வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன் பிறகே 10பிஇ என்ற சான்றிதழ் உருவாகும். சென்ற ஆண்டு நன்கொடை கொடுத்த ஒருவரைத் தேடிப்பிடித்து, அந்தச் சான்றிதழ் அவருக்கு வந்ததா என்று விசாரியுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது என்பதால், பெரிய தொகையை ரொக்கமாகவே கேட்டு, அதற்கும் 80ஜி உண்டு என்று அடித்துச் சொல்பவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார். பான் எண்ணின் நான்காவது எழுத்தையும் பாருங்கள்: அறக்கட்டளைக்கு 'டி', நிறுவனத்துக்கு 'சி', தனிநபருக்கு 'பி'. அறக்கட்டளை என்று சொல்லிக்கொண்டு தனிநபரின் பான் எண்ணைத் தந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி (கோவை): ஓர் அமைப்பின் கணக்கில் செலவில் பாதிக்குமேல் சம்பளமாகவே போகிறது. இன்னொன்று, வரும் ஒவ்வொரு ரூபாயும் வீரர்களுக்கே என்று விளம்பரம் செய்கிறது. இரண்டாவதுதானே நல்லது?

பதில்: எனக்கு இரண்டாவதன்மீதுதான் சந்தேகம் அதிகம். வாடகையும் மின்கட்டணமும் அஞ்சல் செலவும் இல்லாத அலுவலகம் எங்கும் இல்லை. அவற்றை வேறொருவர் ஏற்கிறார் என்றால் அந்த வேறொருவர் யார் என்பது கணக்கில் தெரிய வேண்டும். முதல் அமைப்பைப் பொறுத்தவரை, அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஓய்வூதியம் சிக்கிக்கொண்ட விதவைக்கு ஆவணங்களைத் திரட்டிக் கொடுப்பது, ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவரை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை அழைத்துச் செல்வது போன்ற பணிகளில் விவரமறிந்த ஆளின் நேரமே உதவி. அங்கே சம்பளத்தை வீண்செலவு என்று சொல்வது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சம்பளத்தை வீண் என்று சொல்வதற்குச் சமம். அந்தச் சம்பளத்தை வாங்குபவர் அறங்காவலரின் மைத்துனரா என்பது தனிக் கேள்வி. அதைக் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): கணக்குப் புத்தகத்தையே காட்டினால் அதில் எதைப் பார்ப்பது? நான் கணக்கர் இல்லை.

பதில்: கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டாம்; பணம் கொடுத்ததற்கான சீட்டுகளை, அதாவது வவுச்சர்களைப் பாருங்கள். ஒரு மாவட்டத் தலைநகரில் இயங்கிய அமைப்பு ஒன்று, பெயர் வேண்டாம், கல்வி உதவித்தொகை வழங்கியதற்கான பதினான்கு வவுச்சர்களை என் முன் வைத்தது. ஒவ்வொன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் தாயின் கையெழுத்து. பதினான்கு பெண்களும் ஒரே ஊதா மையில், ஒரே சாய்வில் எழுதியிருந்தார்கள். 'ள்' என்ற எழுத்தின் புள்ளி பதினான்கிலும் சிறு வட்டமாகவே இருந்தது. ஐந்தொகை அழகாக அச்சிடப்பட்டுப் பைசா பிசகாமல் இருந்தது. அதே மாதத்தில், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பள்ளிக்கூட நோட்டில் எழுதிய கணக்கையும் பார்த்தேன். கூட்டலில் இரண்டு இடங்களில் தவறு; மருத்துவமனைக்கு ஆளை அழைத்துப்போன பேருந்துச் சீட்டுகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயரும் ஊரும் இருந்தன. நான் சென்று கேட்ட மூன்று வீடுகளிலும் பணம் வந்தது என்றார்கள். சிறிய அமைப்பில் ஒழுங்கின்மையும் திருட்டும் ஒன்றல்ல. முன்னது திருத்தக்கூடியது.

ஆகவே பயனாளிகளில் ஒருவரையாவது அமைப்பின் ஆள் உடன் இல்லாமல் சந்திக்க முடியுமா என்று பாருங்கள். அவர்களின் அந்தரங்கம் கருதிப் பெயர் தர இயலாது என்று அமைப்பு சொன்னால் அது நியாயமே. அப்போது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், இந்த அமைப்பின் உதவி யாருக்காவது வந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா என்று விசாரியுங்கள். விதவைகளும் ஓய்வூதியரும் எப்படியும் அந்தப் படியேறுபவர்கள். நல்லதோ கெட்டதோ, அங்கே செய்தி வந்து சேர்ந்திருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): வீரமரணம் அடைந்தவரின் படத்தோடு வாட்ஸ்அப்பில் க்யூஆர் குறியீடு வருகிறது. உடனே அனுப்பச் சொல்கிறார்கள்.

பதில்: அனுப்ப வேண்டாம். ஸ்கேன் செய்தால் பணம் போகும் முன்பே கணக்குக்காரரின் பெயர் திரையில் தெரியும். அது தனிநபர் பெயராக இருந்தால் மூடிவிடுங்கள். இறந்தவர் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளைச் சேர்ந்தவர் என்றால், உள்துறை அமைச்சகம் 2017-இல் தொடங்கிய 'பாரத் கே வீர்' தளத்தின் வழியாகக் குடும்பத்துக்கே அனுப்பலாம். புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14 அன்று சிஆர்பிஎஃப் வீரர்கள் 40 பேர் உயிரிழந்தபோது மக்கள் பெருமளவில் நாடிய வழி அதுவே. குடும்பத்தின் துயரம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுவதில்லை. நீங்கள் விசாரிக்க எடுத்துக்கொள்ளும் இரண்டு நாளால் அவர்களுக்கு எதுவும் குறைந்துவிடாது.

கேள்வி (தருமபுரி): என் தாயார் படைவீரரின் விதவை. உதவித்தொகை பெற்றுத் தருவதாகச் சொல்லி, உறுப்பினர் கட்டணம் முதலில் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். விண்ணப்பத்தை நேரே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி (சேலம்): கடிதத்தாளில் சிங்க முத்திரையும், புரவலர் என்று ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் பெயரும் இருக்கின்றன.

பதில்: தேசியச் சின்னத்தைத் தனியார் அமைப்பு தன் கடிதத்தாளில் அச்சிடுவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அறியாமல் போட்டிருக்கலாம், சுட்டிக்காட்டிய பிறகு எடுத்தார்களா என்பதைக் கவனியுங்கள். கர்னலுக்கு ஒரு கடிதம் எழுதி, கடைசியாக எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டீர்கள் என்று கேளுங்கள். தன் பெயர் அதில் இருப்பதே தெரியாத புரவலர்களும் உண்டு.

கேள்வி (வேலூர் மாவட்டம்): ஐயா, நான் ஓய்வுபெற்ற ஹவில்தார். வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் கம்மவான்பேட்டைப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு சிறு சங்கம் இருக்கிறது. வெளியார் ஒருவர் கணக்குக் கேட்டபோது, "நாட்டுக்காக நின்றவனையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று எங்கள் செயலாளர் கடிந்துகொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: காசோலைக்கு உறவினர் அல்லாத இருவரின் கையெழுத்து, ஒவ்வொரு ரசீதுக்கும் அடிக்கட்டை, ஆண்டுக்கொரு பொதுக்குழு, வங்கிப் புத்தகத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, இவை போதும், உங்கள் அளவுக்குப் பெரிய தணிக்கையாளர் தேவையில்லை. செயலாளருக்கு நீங்களே பதில் சொல்லலாம். ரெஜிமெண்ட் நிதிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிகாரிகள் குழு உட்கார்ந்து தணிக்கை செய்ததை அவரும் பார்த்திருப்பார். சீருடையில் இருந்தபோது அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. கணக்குக் கேட்டவரின் முகவரி இருந்தால், வங்கிப் புத்தகத்தின் நகலை இந்த வாரமே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.