கோதுமை ஆகாதவர் மூன்று நாள் மாநாட்டுக்குச் சென்னை வந்தால் எங்கே, எதைச் சாப்பிடலாம்?

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் மூன்று நாள் மாநாட்டுக்கு வருவதாகவும், சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பதால் வெளியில் எதை நம்பிச் சாப்பிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே நோய்தான். ஒன்பது ஆண்டுகளாக மாநாடுகளுக்காகச் சென்னைக்கு வந்து போகிறேன்.

அரிசிச் சாப்பாடு கிடைக்கும் ஊரில் கவலை எதற்கு என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பரோட்டாவும் பூரியும் கண்ணுக்குத் தெரிவதால் விலகிவிடலாம். தெரியாமல் உள்ளே போவது பெருங்காயம். பெருங்காயப் பிசின் தனியே மிகவும் கடுமையானது என்பதால், அதனுடன் கோந்தும் மைதாவோ அரிசி மாவோ கலந்துதான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். முதல் மாநாட்டில் இட்லியும் சாம்பாரும் மட்டுமே சாப்பிட்ட நான், இரண்டாம் நாள் முழுவதையும் வயிற்று வலியோடு விடுதி அறையிலேயே கழித்தேன். மறுநாள் விடுதிச் சமையலறையில் விசாரித்தபோது, மாஸ்டர் முகம் சுளிக்காமல் பெருங்காய டப்பாவையே எடுத்து வந்தார். அதன் மேல் படிந்திருந்த மஞ்சள் தூளைத் துண்டால் துடைத்த பிறகுதான், பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்ததைப் படிக்க முடிந்தது. "இத்தனை வருஷமா போடுறேன் சார், இதுல கோதுமை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்று அவர் வருந்திச் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது.

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அந்த உணவைக் குளூட்டன் அற்றது என்று விற்க இந்திய விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே சாம்பார், ரசம், பொங்கல், தாளித்த மோர், இட்லிப்பொடி ஆகிய அனைத்தையும், டப்பாவைப் பார்க்காதவரை, தவிர்த்துவிடுங்கள். தோசை மாவில் குறை இல்லை. ஆனால் மைதா கலந்த ரவா தோசையை வார்த்த அதே கல்லில்தான் உங்கள் தோசையும் வேகும். வடைக்கும் இதே சிக்கல்தான், மைதா போண்டா பொரித்த எண்ணெயில் விழுவதால். ஆவியில் வெந்த இட்லியும் நெய்யும், அரிசி மாவில் மட்டுமே பிழிந்த இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வெள்ளைச் சோறும் தாளிக்காத தயிரும், வாழைப்பழமும் என்னைப் பல மாநாடுகளில் காப்பாற்றியிருக்கின்றன.

மாநாட்டுப் பதிவுப் படிவங்களில் பெரும்பாலும் சைவம், அசைவம் என்ற இரண்டே கட்டங்கள்தான் இருக்கும் என்பதால், ஒரு வாரம் முன்பே அமைப்பாளர்களுக்கு எழுதி, சமையல் பொறுப்பாளரின் எண்ணை வாங்கிவிடுங்கள். பந்தி திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் எடுத்துக்கொள்வது நல்லது. நேரமாக ஆக, ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றுக்குப் போய்விடும். வெளி உணவகமென்றால், கூட்டம் இல்லாத பிற்பகல் 3 மணி அளவில் போய் மாஸ்டரிடமே பேசுங்கள். சர்வர் "கோதுமை இல்லை" என்று சொல்வது பெரும்பாலும் சப்பாத்தியை மனத்தில் வைத்துத்தான். சென்னைச் சமையலறைகளில் இப்போது வட மாநிலத்தவர் பலர் வேலை செய்வதால், கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, சோயா சாஸ், பெருங்காயம் ஆகியவை ஆகாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படி ஒன்றை எழுதி எடுத்து வாருங்கள்.