‘உலகச் சரக்கு’ என்று மலிவாகக் கிடைக்கும் கேமராவை வாங்கலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வரும் தை மாதம் கணவருடன் மூன்று வாரம் தமிழ்நாடு சென்று, எங்கள் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்குக் கப்பலேறுவதற்கு முன் வாழ்ந்த வட ஆர்க்காட்டுக் கிராமத்தையும் சில கோயில்களையும் பார்த்து வர இருக்கிறோம். கையடக்கக் கேமரா ஒன்று வாங்க எண்ணி, சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாம் மாடலைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். டர்பன் கடையில் 23,000 ராண்டு சொல்கிறார்கள். ஓர் இணையக் கடையில் அதே கேமரா 18,500 ராண்டுக்குக் கிடைக்கிறது, ஆனால் ‘உலகச் சரக்கு’ என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. எதை வாங்குவது? கைப்பேசியே போதும் என்கிறான் என் மகன். திரும்பி வரும்போது சுங்கத்தில் இந்தக் கேமராவுக்கு வரி கேட்பார்களா?

பதில்: சுங்கத்தைப் பற்றிய கேள்விதான் இவற்றில் எளியது, ஆகவே அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் மனத்தை உண்மையில் அரிப்பது அந்த 4,500 ராண்டு வித்தியாசம் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. 23,000 ராண்டுக்கு வாங்குங்கள், அல்லது வாங்காமலே இருங்கள். 18,500 ராண்டுக்கு மட்டும் வாங்காதீர்கள்.

‘உலகச் சரக்கு’, ‘சர்வதேசப் பதிப்பு’, ‘நேரடி இறக்குமதி’ என்று பல பெயர்களில் விற்கப்படுவதைத் கேமராத் தொழிலில் இருக்கும் நாங்கள் கிரே இம்போர்ட் என்போம். அது போலிப் பொருள் அன்று. அதே தொழிற்சாலையில் செய்யப்பட்ட அதே கேமராவை, தென்னாப்பிரிக்காவுக்கென நியமிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக அல்லாமல், துபாயிலோ ஹாங்காங்கிலோ மொத்தமாக வாங்கி இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் எதுவும் தெரியாது. கேமரா பழுதாகும் நாளில்தான் தெரியும். இங்குள்ள சேவை மையம் முதலில் கேட்பது கேமராவின் வரிசை எண்ணை, அந்த எண் இந்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டதாக இல்லையென்றால் வாரண்டியில் பழுது பார்க்க மறுத்துவிடுவார்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென ஒதுக்கப்பட்ட சோனி கேமராக்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி தவிர வேறு மொழி மெனுவே வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் ‘உலகச் சரக்கு’ என்றே விற்கிறார்கள்.

சென்ற ஆண்டு டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஓர் இளைஞர் என் பட்டறைக்கு ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். உம்ஷ்லாங்கா கடற்கரையில் இரண்டு நாள் படம் எடுத்தபின் லென்ஸ் பாதி வெளியே வந்த நிலையில் நின்றுவிட்டது. மணல் துகள் ஒன்று லென்ஸ் குழலின் இடுக்கில் புகுந்திருந்தது. விற்ற கடைக்கு அனுப்பினால், அவர்கள் ஹாங்காங்குக்கு அனுப்புவதாகச் சொல்லி நான்கு மாதம் வைத்திருந்து, ‘பயன்படுத்தியவரின் கவனக்குறைவு’ என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் மிச்சப்படுத்திய பணத்தைவிடக் கூடுதலாகப் பழுதுபார்ப்புக்குச் செலவிட்டார்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011 முதல் நடைமுறையில் உள்ளது. வணிகச் சின்னத்தின் உரிமையாளர் அனுமதியின்றி இறக்குமதி செய்யப்பட்ட பொருளை விற்பவர், அதைக் கண்ணில் படும்படி, எளிய மொழியில் அறிவிக்க வேண்டும் என்று அதன் 25-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பார்த்த ஓரத்துச் சிறிய எழுத்து ‘கண்ணில் படும்படி’ ஆகுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த விதியைக் கடைகள் கடைப்பிடிக்கின்றனவா என்று சென்று பார்ப்பவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. புகார் கொடுக்கப் போனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது, அது ஒரு படிவத்தைத் தருகிறது, படிவம் போன இடம் தெரியாமல் மாதங்கள் ஓடுகின்றன. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே பொறுமை எஞ்சவில்லை, மூன்று வாரப் பயணத்துக்குக் கேமரா வாங்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் எதற்கு?

ஆயினும் ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையான சில கடைக்காரர்களுக்கு நான் அநீதி செய்தவன் ஆவேன். கிரே சரக்கை விற்பது சட்டமீறல் அன்று, மறைத்து விற்பதுதான் சட்டமீறல். அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு, பொருளில் குறை இருந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதைத் தேர்வு செய்வதும் நீங்கள்தான், கடைக்காரர் அன்று. அது கிரே சரக்கு என்பதனால் இந்த உரிமை போய்விடாது. ஆகவே, டர்பனில் கண்ணால் பார்க்கக்கூடிய கடை ஒன்றை வைத்திருப்பவர், ‘இது கிரே இம்போர்ட், தயாரிப்பாளரின் வாரண்டி கிடையாது, ஆனால் எங்கள் கடையே இத்தனை மாதம் பொறுப்பு, பழுதை இன்னாரிடம் இங்கேயே பார்த்துத் தருவோம்’ என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அப்போது அந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. மூன்றும் பில்லில் இருக்க வேண்டும்: கடையின் பொறுப்பு, மாதங்களின் எண்ணிக்கை, பழுது பார்க்கும் இடம். ‘சொன்னாரே’ என்பது போதாது. இணையதளத்தில் ‘12 மாத வாரண்டி’ என்று மட்டும் போட்டிருப்பதும் போதாது, ஏனெனில் அந்த வாரண்டியை யார் தருகிறார் என்பது அங்கே இல்லை. நீங்கள் சொல்லும் கடைக்கு முகவரியே இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால், இந்த விலக்கு அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இணையத்தில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம் என்பதும் 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் இருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. அந்த ஏழு நாளில் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல், நூறு படமாவது எடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மகன் சொல்வது. அவர் சொல்வதில் பாதி உண்மை. கேமராவின் தரத்தை நிர்ணயிப்பது மெகாபிக்சல் எண்ணிக்கை அன்று, வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் அளவு. குறைந்த விலைக் கையடக்கக் கேமராக்களில் சென்சார் ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர். இன்றைய நல்ல கைப்பேசிகள் பலவற்றில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. ஆகவே அத்தகைய கேமராவை வாங்கினால் ஜூம் ஒன்றுதான் ஆதாயம், இருட்டில் கைப்பேசியிடம் தோற்றுப்போவீர்கள். நீங்கள் தேர்ந்திருக்கும் மாடலில் இருப்பது ‘ஓர் அங்குலம்’ எனப்படும் சென்சார். பெயர்தான் அங்குலம், உண்மை அளவு 13.2 க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பில் அந்தக் குறைந்த விலைக் கேமராவின் சென்சாரைப்போல் நான்கு மடங்கு. லென்ஸின் குவியத் தூரம், பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில், 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீள்கிறது; எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும். மதுரைத் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம், அதன் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களைத் தெருவில் நின்றபடி தெளிவாக எடுக்க இந்த நீளம் வேண்டும், கைப்பேசி அதைப் பெருக்கிக் காட்டுமே தவிர நெருங்கிக் காட்டாது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துளைத்திரையும் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பகல் வெயிலில் பின்திரை கண்ணாடிபோல் உங்கள் முகத்தையே காட்டும்போது அதன் அருமை தெரியும். ஆகவே தேர்வு சரியானதே. கோபுரமும் தொலைவும் வேண்டாம், உறவினர் முகங்களே போதும் என்றால் மகன் பேச்சைக் கேட்டு 23,000 ராண்டையும் மிச்சப்படுத்துங்கள்.

இது 2019-இல் வந்த மாடலாயிற்றே என்று தயங்க வேண்டாம். 2010-இல் உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேல் அனுப்பப்பட்ட கையடக்கக் கேமராக்கள் 2023-இல் இருபது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. புதிய மாடல்கள் அரிதாகவே வருகின்றன, உதிரி பாகங்களும் அப்படித்தான். வாரண்டியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் ‘பயணத் தொகுப்பு’ என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் உள்ள வடிகட்டிக் கண்ணாடியைத் திருகிப் பொருத்த இந்தக் கேமராவின் லென்ஸில் மரையே கிடையாது. கைக்கடக்கமான முக்காலி பார்ப்பதற்கு அழகாக இருக்கும். தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள மாமல்லபுரம் போன்ற இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். இவை வேண்டாம். கூடுதல் பேட்டரி ஒன்று மட்டும் வாங்குங்கள், ஒரு பேட்டரியில் 260 படம் அளவில்தான் எடுக்க முடியும், கோயில் நகரில் அது மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தின் அடியறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கேமராவையும் அதிலேயே வையுங்கள்.

மெமரி கார்டில் நடக்கும் மோசடி கிரே இம்போர்ட்டைவிடக் கொடியது. 32 ஜிபி கார்டுக்குள் 256 என்று பொய் சொல்லும்படி எழுதி விற்கிறார்கள். கேமராவும் நம்பி எழுதிக்கொண்டே போகும், கொள்ளளவு தாண்டியபின் எடுத்த படங்கள் வீட்டுக்கு வந்து திறந்தால் வெறுமையாக இருக்கும். தெருவோரத்திலும், கேமரா வாங்கும்போது இலவசமாகவும் கிடைக்கும் கார்டை நம்பாதீர்கள். பெயர் தெரிந்த கடையில் 64 ஜிபி கார்டு இரண்டு வாங்கி, புறப்படுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வீடியோவால் முழுவதும் நிரப்பி, கணினியில் கடைசிக் கோப்பு வரை ஓட்டிப் பாருங்கள். பிறகு கேமராவிலேயே வைத்து அழித்துவிடுங்கள்.

பயன்படுத்துவதைப் பற்றி மூன்று செய்திகள் போதும். முதலாவது, சென்னையில் இறங்கியதும் கேமராவின் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள். கைப்பேசி தானாக மாற்றிக்கொள்ளும், கேமரா மாற்றாது, பிறகு இரண்டின் படங்களையும் சேர்க்கும்போது மாலையில் எடுத்தது காலைக்குப் போய்விடும். இரண்டாவது, கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். கருங்கல் சிற்பம் சாம்பல் பூசியதுபோல் வரும், வெளுத்த வானத்தின் முன் நிற்கும் நம் நிறத்தவர் முகமோ கரியாகிவிடும். கூட்டல் கழித்தல் குறியிட்ட வெளிச்சத் திருத்தப் பொத்தானில், கருங்கல்லுக்குக் கழித்தல் பக்கம் ஒரு படி, முகத்துக்குக் கூட்டல் பக்கம் ஒரு படி வைத்தால் போதும். மூன்றாவது, இருண்ட மண்டபத்தில் ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே செல்லுங்கள், ஏனெனில் லென்ஸை முழுதும் நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் குறைந்துவிடுகிறது.

கோயில்களில் பொதுவாகக் கருவறையைப் படம் எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவையும் கைப்பேசியையும் கொண்டுபோகவே முடியாது. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். வெளியே ஒப்படைக்கும்போது மெமரி கார்டைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

இனிச் சுங்கம். இங்கே வாங்கி, இங்கிருந்து கொண்டுபோய், திரும்பக் கொண்டுவரும் கேமராவுக்கு வரி கிடையாது. ஆனால் அது இங்கிருந்து போனதுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்க மேசையில் கேமராவைக் காட்டி வரிசை எண்ணைப் பதிவு செய்து ஒரு படிவம் பெற்றுக்கொள்ளலாம். மேசையில் ஆள் இருப்பார் என்ற உறுதியை என்னால் தர முடியாது என்பதால் அரை மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். வழியில் துபாயில் மலிவு என்று வாங்கிவிடலாமா என்ற ஆசை வந்தால் கணக்கைப் பாருங்கள்: ஒருவருக்கு 5,000 ராண்டு வரைதான் வரிவிலக்கு, அதற்கு மேல் அடுத்த 20,000 ராண்டு வரை 20 விழுக்காடு. 18,500 ராண்டுக் கேமராவுக்கு மிச்சமுள்ள 13,500 ராண்டின் மீது 2,700 ராண்டு கட்ட வேண்டிவரும், அதோடு அதுவும் கிரே இம்போர்ட்தான், கொண்டுவந்தவர் நீங்கள் என்பது மட்டுமே வித்தியாசம். டர்பன் கடைப் பில்லில் கேமராவின் வரிசை எண்ணை எழுதச் சொல்லி வாங்கி, அதன் நகல் ஒன்றை உங்கள் பையில் வைக்காமல் கணவரின் பையில் வையுங்கள், கேமராவும் பில்லும் ஒரே பையில் தொலைந்துபோகக் கூடாது.