பல்லிக்குப் பயந்து ஆப்பிள் வாங்கலாமா?

கணினிக் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டோடு ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். நான் எடியஸில் கலியாண வீடியோ எடிட் செய்கிறேன். மனைவி பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில், அழைப்பிதழும் அந்தியேட்டிக் கல்வெட்டும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) டைப்செட் செய்கிறார். 2018இல் யூனிட்டி பிளாசாவில் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்த கணினி: ஐ5 8400 ப்ரொசெசர், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. இப்போது ரெண்டர் போட்டுப் பத்து நிமிடத்தில் படக்கென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்று திருத்தக் கொடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் மச்சான் டிசம்பரில் வருகிறார், மேக் மினி எம்4 ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். மாறலாமா, இல்லை புதிதாக இன்னொரு பிசி அசெம்பிள் செய்வதா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மச்சானுக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். முதலில் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

எனக்கும் இதே கதை நடந்ததால்தான் சொல்கிறேன். வேலை நடுவில் கணினி அணைந்துபோகும், கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழும்பும். பழுது பார்த்தவர் மதர்போர்ட் போய்விட்டது என்றார், வாங்கிப் போட்டேன், அப்பவும் அணைந்தது. ராமையும் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சினம் தலைக்கேறி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, பவர் சப்ளையின் பின்பக்க வலைக்குள் டோர்ச்சைப் பிடித்தால், விசிறி இதழுக்கும் கூட்டுக்கும் நடுவில் காய்ந்துபோன பல்லி ஒன்று, வால் மட்டும் வலைக்கு வெளியே. விசிறி சுற்றவே இல்லை. சூடு தாங்காமல் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறார்கள், பவர் சப்ளைக்குள் விழுந்தால் ஒரு மதர்போர்டும் ஒரு ராமும் தண்டம் என்று யாரும் போடவில்லை. நீங்கள் வலைக்கு வெளியே நின்று பார்த்தால் போதும், பவர் சப்ளையின் கூட்டைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கி நிற்கும்.

உங்கள் வீட்டில் பல்லி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காலி வீதி. ஈரமும் உப்பும் புகைத்தூசும் சேர்ந்து, ப்ரொசெசரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் கம்பளித் துணி மாதிரி படியும், இரண்டுக்கும் நடுவில் 2018இல் தடவிய தெர்மல் பேஸ்டும் இந்நேரம் மூடாமல் விட்ட சுண்ணாம்பு டப்பா மாதிரிக் காய்ந்திருக்கும். சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டரைப் போடுங்கள். 8400க்கு எல்லை 100 பாகை செல்சியஸ். சூடு ஏறி ஏறி அந்த எல்லைக்குப் போய் அணைந்தால் தூசு, பேஸ்ட், கூலர், இந்த மூன்றில் ஒன்று. 70இல் அமைதியாக நிற்கும்போதே அணைந்தால் பவர் சப்ளையைப் பிடியுங்கள், அதை முழுதாகவே மாற்றுங்கள். எதுவானாலும் புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவுதான்.

அடுத்தது விண்டோஸ் 11. உங்கள் கணினியில் அது ஏறும் என்றே நினைக்கிறேன். இன்டெல்லில் மைக்ரோசொஃப்ட் கோடு கிழித்த இடமே 8ஆம் தலைமுறைதான், உங்கள் 8400 அந்தத் தலைமுறை, நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி இல்லை என்று திரையில் வந்திருக்கும், அதைப் பார்த்துக் கைவிட்டிருப்பார்கள். தனியாக எந்தச் சிப்பும் வாங்க வேண்டாம், அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் பயோஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதே வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடி என்ற ஒரு வரி ஓஃப் செய்யப்பட்டே வந்தது. அதை ஓன் செய்யுங்கள். டிஸ்க் பழைய எம்பிஆர் என்ற பகிர்வு முறையில் இருந்தால் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு முன் கட்டாயம் பேக்கப் எடுங்கள்.

இப்போது மினிக்கு வருவோம். அதைக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 2024 நவம்பரில் வந்த எம்4 மினி ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுதான், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி, அமெரிக்காவில் 599 டொலருக்கு வந்தது, சத்தம் இருக்கிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். நம் ஊருக்கு முக்கியமானது கரண்ட். சும்மா இருக்கும்போது 4 வாட், உச்சத்தில் 65 வாட் என்று ஆப்பிள் சொல்கிறது, உங்கள் 1060 கார்டு ஒன்றே 120 வாட் இழுக்கக்கூடியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாதாரண 650 விஏ யுபிஎஸ் உங்கள் பிசிக்கு சேவ் செய்து மூடத்தான் நேரம் தரும், மினி என்றால் அதே யுபிஎஸ்ஸில் நிதானமாக வேலை செய்யலாம்.

கமராவையும் ஒரு தடவை பாருங்கள். எச்.265 என்ற சுருக்கும் முறையில் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடிய தரம்) என்று பதிவு செய்கிற கமரா என்றால், அந்தக் காட்சியை விரித்துக் கொடுக்கும் வன்பொருள் 1060இலும் இல்லை, 8400க்குள் இருக்கும் கிராஃபிக்ஸிலும் இல்லை. எல்லாச் சுமையும் ப்ரொசெசர் தலையில் விழும், டைம்லைன் தடக்கித் தடக்கி ஓடும், எவ்வளவு தூசு துடைத்தாலும் அது மாறாது. எம்4இல் அதற்கான பகுதி உள்ளேயே இருக்கிறது. நிற விவரம் குறைந்த 8 பிட் 4:2:0 என்றால் உங்கள் பழைய கார்டே போதும்.

சரி, பிறகு ஏன் இழுக்கிறேன்? எடியஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், மேக்குக்கு இல்லவே இல்லை. அப்படியென்றால் நீங்கள் மாற்றப்போவது உங்கள் கை பழகிய எடிட்டிங் முழுவதையும். பழைய புரொஜெக்ட்களையும் அங்கே திறக்க முடியாது. போன வருடத்துக் கலியாண மாப்பிள்ளை திடீரென வந்து பாட்டை மாற்றித் தாருங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

மனைவியின் பக்கம் இன்னும் சிக்கல். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதோடு அடோபி அதைக் கைவிட்டது, இன்றைய மேக்கில் அது ஓடாது. பாமினியைப் பொறுத்தவரை, எழுத்துருக் கோப்பை மேக்கில் நிறுவலாம், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் அங்கேயும் ‘அம்மா’ வரும். ஆனால் அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்டதுதானே, எழுத்துருவை மாற்றினால் உடனே ஆங்கிலமாகிவிடும். எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யுனிகோடுக்கு மாறுவதென்றால் மேக்கில் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் கூடவே வருகின்றன, விரல் அதற்குப் பழக வேண்டும். இருபது வருடமாக பாமினியில் தட்டும் விரலை டிசம்பர் சீசனில், ஒருபக்கம் அழைப்பிதழும் மறுபக்கம் 31ஆம் நாளுக்குள் முடிக்க வேண்டிய கல்வெட்டும் காத்திருக்கும்போது மாற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் நீங்களே சொல்லிப் பாருங்கள். மேக்கில் பரலல்ஸ் போட்டு அதற்குள் விண்டோஸை ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓட்டலாம்தான், ஆனால் அது வேறு வகை ப்ரொசெசருக்கான ஆர்ம் விண்டோஸ், அல்பம் மென்பொருளைத் திறக்கும் யுஎஸ்பி சாவியான டொங்கிள் வைத்திருந்தால் அதன் பழைய டிரைவர் அதில் வேலை செய்யாது.

ஆகவே பிசியைத் துடைத்துத் திருத்தி விண்டோஸ் 11 போடுங்கள், அது மனைவியின் மேசையில் இருக்கட்டும். மச்சான் வருவதற்குள் அதே பிசியில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை இறக்கி இரண்டு கலியாணத்தை அதில் எடிட் செய்து பாருங்கள். இலவசம், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஒரே முகம். கை பழகிவிட்டது, கமராவும் 4:2:2 என்றால் மினியை உங்களுக்கென்று இரண்டாவது கணினியாக எடுக்கலாம். மூன்றாம் நாளே எடியஸுக்கு ஓடிவிட்டால் மச்சானை சொக்லேட் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எடுப்பதென்றால் சில விஷயங்கள். ராமைப் பிறகு கூட்டவே முடியாது, எடுக்கும்போது எடுத்ததுதான். உள் சேமிப்பைப் பெருப்பிக்க ஆப்பிள் கேட்கும் காசு அநியாயம், 256 ஜிபியோடு எடுத்துவிட்டு வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டுவதே மேல். உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் மேக் அவற்றை வாசிக்கும், எழுதாது, இரண்டு கணினிக்கும் பொதுவானதை இரண்டும் வாசித்து எழுதும் எக்ஸ்ஃபாட் முறையில் வையுங்கள். பழைய நீள்சதுர யுஎஸ்பி ஓட்டை ஒன்றுகூட இல்லை, ஹப் தேவைப்படும். கனடாவின் 120 வோல்ட் பற்றிப் பயம் வேண்டாம், 240 வரை தாங்கும், பழைய ரேடியோவுக்குச் செருகுகிற எட்டு வடிவ வயர் ஒன்று இங்கேயே வாங்கினால் சரி. 24 இஞ்ச் 1080பி மொனிட்டரில் மேக்கின் எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரியும், வீடியோவுக்குப் பரவாயில்லை.

புதிதாக அசெம்பிள் செய்வதா என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, திருத்தி ஓடக்கூடிய கணினியை வைத்துக்கொண்டு அந்தச் செலவுக்குப் போக மாட்டேன்.

கேள்வி: என்னுடையதும் அசெம்பிள் கணினிதான், ஐ3 7100. படிப்புக்கும் யூடியூப்புக்கும் மட்டும். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்கள். லினக்ஸுக்கு மாறலாமா?
(மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: தாராளமாக. 7ஆம் தலைமுறை என்பதால் முறைப்படி விண்டோஸ் 11 இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது, பதிவு செய்தவர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை என்றுதான் அறிவித்தார்கள். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைப் போட்டால் தமிழ்99 மட்டுமல்ல, நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பாடத்துக்கு ஃபோட்டோஷொப் கட்டாயம் என்றால் மட்டும் மாற வேண்டாம்.

கேள்வி: லப்டொப்புக்கு மாறிவிட்டேன். அசெம்பிள் கணினியை முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: பிரித்து. கிராஃபிக்ஸ் கார்டும் ராமும் உடனே போகும், பழைய டிடிஆர்4 வகை ராமுக்கும் இப்போது மவுசு கூடிவிட்டது. கேசிங் உங்களிடமே தங்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். டிஸ்க்கை மட்டும் விற்காதீர்கள், வெளியே போடும் கூடு ஒன்று வாங்கி லப்டொப்புக்கு பேக்கப்பாக வையுங்கள்.