துன்பப்படுத்துகிறவர்களை நேசிப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

கேள்வி: கிறிஸ்தவனாக இருப்பதற்காக வேலை செய்யும் இடத்தில் கேலி, சொந்தக்காரர்களிடம் ஏச்சு. "சத்துருவை நேசி" என்று சபையில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் அன்பா? நடைமுறையில் என்ன செய்வது?

இல்லை. சும்மா இருப்பது வேறு, அன்பு வேறு.

மத்தேயு 5:44-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். "உங்களைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள், உங்களைப் பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள்", அப்புறம் துன்பப்படுத்துகிறவர்களுக்காக "ஜெபம்பண்ணுங்கள்". எல்லாமே செய்ய வேண்டிய வேலைகள். அந்த ஆளைப் பார்த்ததும் நம் மனசு உருகிவிட வேண்டும் என்று அங்கே எழுதியில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி, ஏனென்றால் மனசு அவ்வளவு சீக்கிரம் உருகாது.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன வசனத்தை வைத்தே பலர் வாயை அடைத்துவிடுகிறார்கள். அதைச் சொன்ன இயேசு அறை வாங்கியபோது என்ன செய்தார்? விசாரணையில் ஒரு சேவகன் அடித்ததும், "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை. அடித்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை.

அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை, போகலாம் என்று ரகசியமாக ஆள் அனுப்பினார்கள். மாட்டேன் என்றார். ரோமக் குடிமக்களை வெளியரங்கமாக அடித்தீர்களே, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று நின்றார். முந்தின ராத்திரி, கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று பயந்து பட்டயத்தை உருவிய சிறைக்காரனைக் கூப்பிட்டுத் தடுத்து உயிரோடு காப்பாற்றியவரும் இதே பவுல்தான். இரண்டும் அப்போஸ்தலர் 16-லேயே இருக்கின்றன. சிறைக்காரன் கதையைப் பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருப்போம், மற்றதை யாரும் எடுப்பதில்லை.

ஆபத்து என்றால் விலகிப் போவதும் தப்பில்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடச் சொன்னதே இயேசுதான். நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) விசுவாசி, தன் விசுவாசத்துக்காக அடைபட்டிருந்த சிறையிலிருந்து 1569-ல் தப்பி, உறைந்த நீர்நிலையின் மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். பிடிபட்டார், எரித்துக் கொல்லப்பட்டார். அன்பு காட்டினால் எதிரி மாறிவிடுவான், நமக்கு நல்லது நடக்கும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தக் கதை இடிக்கும். ஆனால் கவனியுங்கள், அவர் முதலில் ஓடத்தான் செய்தார். யாரும் அதை விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. வீட்டிலேயே அடி உதை என்றால் முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், போலீஸில் சொல்லுங்கள்.

மன்னித்துவிட்டால் வழக்குப் போடக் கூடாதா என்றும் கேட்பார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக வழக்கு நிற்கவில்லை. கோர்ட் தன் வேலையைச் செய்தது, தண்டனையும் கிடைத்தது. அவரோ உடனே ஊரைவிட்டுப் போய்விடாமல், கணவர் கவனித்துவந்த தொழுநோயாளிகள் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். கோபத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை, நீதியைத் தடுக்கவும் இல்லை.

சரி, நமக்கு நடப்பது பெரும்பாலும் அந்த அளவில் இல்லை. கேலியைக் கேலி என்றே சொல்வோம், உடனே "உபத்திரவம்" என்று பெயர் வைக்க வேண்டாம். 1 பேதுரு 4:15-ஐயும் பாருங்கள்: பொல்லாங்கு செய்தும், அந்நிய காரியங்களில் தலையிட்டும் பாடுபடக் கூடாது என்கிறது. அடுத்தவர் கும்பிடுவதைக் கிண்டல் செய்துவிட்டு அவர் கோபப்பட்டால், அதை இயேசுவின் கணக்கில் எழுத முடியாது.

என் டீமில் ஒருவர், நான் சாப்பிடும் முன் கண்ணை மூடினாலே "சாருக்கு சிக்னல் கிடைச்சிடுச்சு" என்று எல்லாரும் கேட்க அடிப்பார். தனியாக இருக்கும்போது, "கிண்டல் ஓகே, ஆனா ஜெபிக்கும்போது வேண்டாம் சார், கஷ்டமா இருக்கு" என்று சொன்னேன். அவருக்காக ஜெபிக்கவும் தொடங்கினேன். "ஆண்டவரே, அவரைத் திருத்தும்" என்பது புகார் மனு, அதை ஜெபக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவருக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டியிருந்தது. மகளுக்குப் பொதுத்தேர்வு என்று தெரிந்தது, அதற்காக ஜெபித்தேன். மேனேஜருக்குப் போகவிருந்த அவருடைய ரிப்போர்ட்டில் ஒரு கூட்டல் தப்பாக இருந்ததைக் கண்டு, போகும் முன் அவரிடமே சொன்னேன். "தேங்க்ஸ்" என்றார். அவ்வளவுதான். கிண்டல் குறைந்தது, நிற்கவில்லை. எனக்கு மாறியது, அவர் பெயரைக் கேட்டால் வயிறு எரிவது நின்றது.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வசனம் போட்டுப் பதிலடி கொடுக்காதீர்கள். அங்கே எல்லாரும் ஜெயிக்கத்தான் பார்ப்பார்கள். யார் ஏசினாரோ அவருக்கே போன் போடுங்கள். அவர் சொன்னது வலித்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவர் வீட்டு நலம் விசாரியுங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த விசேஷத்துக்கு வழக்கம்போலப் போய் நில்லுங்கள்.