தோல் ஏன் தாமதமாகச் சிவக்கிறது?

கேள்வி: கதிர்வீச்சு பட்ட தோல் உடனே புண்ணாகாமல், பல நாட்கள் கழிந்த பிறகே சிவப்பதும் உரிவதும் ஏன்? இதைக் கணினி மாதிரிகளால் முன்கூட்டியே கணிக்க முடியும் என்பது எந்த அளவுக்கு உண்மை?

பதில்: மேல்தோலின் அடியடுக்கில் உள்ள செல்கள் பிரிந்து பெருகி, மெல்ல மேலேறித் தட்டையாகி, சில வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றன. கதிர்வீச்சு முக்கியமாகச் சிதைப்பது இந்த அடியடுக்குச் செல்களின் பிரியும் திறனைத்தான். ஏற்கெனவே மேலேறிவிட்ட செல்கள் தம் காலம் முடியும்வரை இருந்துவிட்டே உதிர்கின்றன. வரவு நின்ற பின்னும் செலவு தொடர்கிற கணக்கைப் போல, பற்றாக்குறை வெளியே தெரிவதற்கு நாளாகிறது. ஒரே தடவையில் சுமார் 2 கிரே (உடலில் படியும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் அலகு) பட்டால் சில மணி நேரத்தில் ஒரு தற்காலிகச் சிவப்பு தோன்றி மறைவதுண்டு. ஆனால் முதன்மையான சிவப்பு சுமார் 6 கிரேக்கு மேல், ஏறத்தாழ 10 நாட்கள் கழித்தே வருகிறது.

கணினி மாதிரி இதை இரண்டு கட்டமாக அணுகுகிறது. முதலில், எந்த ஆழத்தில் எவ்வளவு ஆற்றல் படிகிறது என்று கணக்கிட வேண்டும். 1940களில் கணிதவியலாளர்கள் உலாமும் வான் நியூமானும் வகுத்த மான்டி கார்லோ முறையில், கோடிக்கணக்கான துகள்களின் பாதைகளைத் தற்செயல் எண்களைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறார்கள். தோலைப் பொறுத்தவரை சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கணக்குகளில் அடியடுக்கின் ஆழம் 0.07 மி.மீ. என்று கொள்ளப்படுகிறது, சிகிச்சைக்குப் பயன்படும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களின் அளவோ முதல் சில மில்லிமீட்டருக்குள் செங்குத்தாக உயர்கிறது. எனவே உடலை 2 மி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டால், நமக்கு வேண்டிய மெல்லிய அடுக்கு அந்தச் சராசரியில் கரைந்துபோகும். என் பார்வையில், உயிரியல் சமன்பாடுகளைச் செம்மைப்படுத்துவதற்கு முன் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது, படிந்த அளவுக்கு எத்தனை செல்கள் பிழைக்கும் என்ற கேள்வி. இதற்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரத்தில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு கெழுக்கள் (பெருக்கும் எண்கள்) உண்டு. ஆல்ஃபா கதிர்வீச்சின் அளவோடும், பீட்டா அந்த அளவின் வர்க்கத்தோடும் பெருக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஆல்ஃபாவை 0.3 என்றும் பீட்டாவை 0.03 என்றும் கொண்டால், 6 கிரேயை ஒரே தடவையில் கொடுக்கும்போது சுமார் 5.6 சதவீதச் செல்களும், போதிய இடைவெளியில் 2 கிரேயாக மூன்று தடவை கொடுக்கும்போது சுமார் 11.5 சதவீதச் செல்களும் பிழைக்கின்றன. சிகிச்சையைப் பல நாட்களாகப் பிரித்துக் கொடுப்பதன் பயன்களில் ஒன்று இதில் தெரிகிறது. பிழைத்த செல்கள் பின்னர் வேகமாகப் பிரிந்து இழப்பை ஈடுகட்டுவதையும் நல்ல மாதிரிகள் கணக்கில் சேர்க்கின்றன.

கேள்வி: அப்படியானால் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குத் தோல் எப்போது உரியும் என்று இவை சொல்லுமா?

பதில்: சொல்லாது. கெழுக்கள் பலரிடமும் விலங்குகளிடமும் கண்டவற்றிலிருந்து பெறப்பட்டவை; குறிப்பாக, மனிதத் தோலை ஒத்திருக்கும் பன்றியின் தோல் ஆய்வுகளுக்கு வெகுகாலமாகப் பயன்பட்டு வருகிறது. தோல் மடிப்புகள், புகைப்பழக்கம், கதிர் பட்ட பரப்பு, பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறைபாடு ஆகியவை ஆளுக்கு ஆள் விளைவை மாற்றிவிடும். ஒரே நோயாளிக்கான இரண்டு சிகிச்சைத் திட்டங்களில் எது தோலுக்குக் குறைந்த சுமை தரும் என்று ஒப்பிடுவதற்கே இந்த மாதிரிகளை அதிகம் நம்பலாம்.