கேள்வி-பதில்: சவுண்ட்பார் எந்த போர்ட்டில், பிளேஸ்டேஷன் எந்த போர்ட்டில்?

கேள்வி: 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். மகனிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. போன மாதம் 5.1 சவுண்ட்பாரும் வாங்கினோம். பொருத்த வந்தவர் டிவியோடு புளூடூத்தில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கேமில் துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வருகிறது என்கிறான் மகன். பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கரும் ஊமை. பிளேஸ்டேஷனை நேராக சவுண்ட்பாரில் செருகினால் சரியாகுமா? - வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்த புளூடூத்தைத் துண்டியுங்கள். சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்று பலரும் செய்து கொடுக்கும் இணைப்பு அது. அதில் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலிதான் போகும்; உங்கள் 5.1-க்கோ ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் என ஆறு சேனல் வேண்டும். சுருக்கி அனுப்பி விரித்து ஒலிக்க நேரமும் பிடிக்கும். சினிமா என்றால் டிவி படத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். கேமில் அது நடக்காது, பட்டனை அழுத்துவது உங்கள் மகன் ஆயிற்றே.

டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி (டிவிக்கு வந்த ஒலியை சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வழி) அல்லது அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி என்று பொடி எழுத்தில் இருக்கும். சவுண்ட்பார் அங்கேதான் போக வேண்டும். சவுண்ட்பார் பக்கத்திலும் அதே பெயருள்ள போர்ட்டில் செருகுங்கள். டிவி செட்டிங்கில், இணைத்த சாதனங்கள் ஒன்றையொன்று இயக்க உதவும் எச்டிஎம்ஐ-சிஇசியை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட்பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிஜிட்டல் ஆடியோ அவுட் பிசிஎம்மில் (சுருக்காத ஒலி) இருந்தால் பாஸ்த்ரூ (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது) அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

பின் ஸ்பீக்கர் விவகாரம் இங்கேதான் இருக்கிறது. 2009-இல் வந்த ஏஆர்சி, சுருக்காத பிசிஎம் ஒலியில் இரண்டு சேனலுக்கு மேல் கொண்டுபோகாது. சுருக்கிய டால்பி என்றால் 5.1 போகும். பிளேஸ்டேஷனோ லீனியர் பிசிஎம்மில்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் டிவியில் வெறும் ஏஆர்சி என்றால், பிளேஸ்டேஷனின் சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ ஃபார்மட்டை பிட்ஸ்ட்ரீம் டால்பி ஆக்குங்கள். இரண்டு பக்கமும் இஏஆர்சி என்றால் பிசிஎம்மே இருக்கட்டும்; 5.1, 7.1 எல்லாம் சுருக்காமலேயே போய்ச் சேரும். ஏஆர்சியோ இஏஆர்சியோ, பிளேஸ்டேஷனில் எச்டிஎம்ஐ டிவைஸ் டைப் ‘டிவி’ என்றிருந்தால் ‘சவுண்ட்பார்’ என்று மாற்ற மறக்காதீர்கள்.

பிளேஸ்டேஷனை நேராக டிவியில் செருகுவதே என் கட்சி. 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை மாறும்படி, கடத்திவிடும் சவுண்ட்பார்கள் குறைவு. பெரும்பாலானவை 60-இல் நின்றுவிடும், விஆர்ஆரும் (கேமின் வேகத்துக்கு ஏற்ப திரையின் வேகத்தை மாற்றும் வசதி) போய்விடும். ஆனால் உங்கள் டிவியே 60 ஹெர்ட்ஸ்தான், வெறும் ஏஆர்சிதான், சவுண்ட்பாரில் தனியாக எச்டிஎம்ஐ இன் இருக்கிறது என்றால், உங்கள் யோசனையும் நல்லதே. ஒலி ஏஆர்சியைச் சுற்றி வராமல் நேராகப் போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல டிவிகளில் 120 ஹெர்ட்ஸ் போர்ட்டுகள் இரண்டுதான், அதில் ஒன்றே இஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் ஒன்று. உங்களுக்கு அது போதும். எக்ஸ்பாக்ஸும் வாங்கப் போகிறான் என்றால் இப்போதே யோசியுங்கள். ‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி டிவி வாங்காதீர்கள். அந்தப் பெயரோடு வரும் வசதிகள் பலவும் கட்டாயமில்லாதவை. 4கே 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால்தான் படம் தெளிவாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? - வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. டிஜிட்டல் சிக்னல் ஒழுங்காக வந்து சேர்ந்தால் எல்லாக் கேபிளிலும் ஒரே படம்தான். பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள்ளேயே நொடிக்கு 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹைஸ்பீட் கேபிள் இருக்கிறது. அது எட்டவில்லை என்றால் மட்டும் வேறு வாங்குங்கள். உறையில் அதே பெயரும் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிளும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் இஏஆர்சி என்று போட்டிருந்த சவுண்ட்பாரில் வந்திருப்பது வெறும் ஏஆர்சி. திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பவர். - வாசகர், சேலம்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தை அவர்கள் திருத்துவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். போர்ட்டின் எழுத்து தெரியும்படி ஒரு படம், அப்புறம் பில். முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.