பொன்னியின் திறந்த கண்

அன்புள்ள சார்,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன், பயாலஜி குரூப், அரசுப் பள்ளி. குமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கம் வீடு. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. எங்கள் வீட்டுப் பட்டி (பெட்டை நாய்) பொன்னிக்கு ரெண்டு வயசு. போன தடவை ஆறு குட்டி போட்டது. நாலுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் போன செவ்வாய்க்கிழமை ஒரு கிளினிக்கில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். அன்று டாக்டருடைய உதவியாள் வரவில்லை. "பயமில்லைன்னா நீ நில்லு" என்றார். நின்றேன். ஆபரேஷன் முடியும்வரை பொன்னியின் கண் திறந்தே இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னபடி அதன் கண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். முடிந்ததும் வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அப்போதும் அந்தப் பார்வைதான்.

பாட்டி "ஒரு சீவனைப் பெறவிடாம ஆக்குனது பாவம்" என்கிறாள். பெண்களுக்குச் செய்வதுபோல் குழாயை மட்டும் கட்டியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. எனக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அப்பா நர்சிங்தான் என்கிறார். வாந்தி எடுத்தவள் டாக்டராக முடியுமா? பொன்னிக்கு வலித்திருக்குமா? பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை ஒரு நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது வருடம் அரசு மாட்டாஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "கெட்டமின்."

அந்த மயக்க மருந்து கொடுத்தால் கண் மூடாது, சரியாக இமைக்கவும் செய்யாது. இமைக்காத கண் காய்ந்து புண்ணாகும், அதற்காகத்தான் சொட்டு. சிலர் களிம்பு வைப்பார்கள். பொன்னி உன்னைப் பார்க்கவில்லை, மகளே. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். ஆள் உள்ளே இல்லை.

இன்னொன்றும் கேட்டார். "மொத ஊசி போட்டதும் பட்டி வாந்தி எடுத்திருக்குமே?" கெட்டமினோடு சேர்த்து சைலசின் என்று ஒரு மருந்து போடுவது வழக்கமாம். பல நாய்களுக்கு அது குமட்டிக்கொண்டு வரும். முந்தின ராத்திரி சோறு போடாதே என்று சொல்லியிருப்பார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, அன்றைக்கு அந்த கிளினிக்கில் இரண்டு பேர் வாந்தி. நீ எடுத்தது எல்லாம் முடிந்த பிறகு. நடுவில் கை நடுங்கிச் சொட்டு தவறியதாக நீ எழுதவில்லை. நான் கவனித்தது அதைத்தான்.

வலிக்கு வருகிறேன். சினைப்பையை உள்ளே ஒரு நாண் இறுக்கிப் பிடித்திருக்கும். அதை விரலால் இழுத்துத் தளர்த்தினால்தான் சினைப்பை வெட்டுவாய்க்கு வரும். மயக்கம் போதாவிட்டால் அந்த நொடியில் மூச்சு வேகமாகும், உடம்பு விறைக்கும். டாக்டர் கையை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பார், வேண்டுமானால் மருந்தைக் கூட்டுவார். ஒருதரம் நண்பரோடு போய் நானும் பார்த்திருக்கிறேன். சிரைத்த வயிறு, அதன்மேல் பச்சைத் துணி, துணி நடுவில் இரண்டு விரல் அகல ஓட்டை. அதன் வழியாக ஒய் எழுத்துப்போல் கவட்டை பிரிந்த கருப்பையை வெளியே எடுத்தார்கள். இரத்தக் குழாயில் போடும் முடிச்சைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அது நழுவினால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் போய்க்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அறுப்பதற்கு ஆன நேரத்தைவிட முடிச்சுக்கு ஆன நேரம் அதிகம்.

குழாயை மட்டும் கட்டியிருக்கலாமே என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. பெண்களுக்குக் கட்டினால் சினைப்பையும் கருப்பையும் அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும். பட்டிக்கு அப்படிச் செய்தால் குட்டி மட்டும்தான் நிற்கும். பருவம் நிற்காது. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஊர்க் கடுவன் நாய்கள் எல்லாம் உன் வீட்டு வாசலில் வந்து கிடக்கும், சண்டை போடும். அதைவிடப் பெரிய ஆபத்து கருப்பையில் சீழ் வைப்பது.

அதை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். எங்களிடம் ராணி என்று ஒருத்தி இருந்தாள். ஆபரேஷனுக்கு மனசு வராமல், பருவம் வராமலிருக்க ஊசி இருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை போட்டோம். யார் போட்டார் என்பது இப்போது எதற்கு? கேட்டு வாங்கிப் போட்டது நான். அந்த ஹார்மோன் ஊசியே கருப்பையில் சீழுக்கு வழி செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு சித்திரையில், வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்றோம். வயிறு உப்பியது. "சினையாட்டு இருக்கும்" என்றாள் அம்மா. சாப்பாட்டை விட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீழ் வெளியே வடிந்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். கருப்பை வாய் மூடிக்கொண்டதால் எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது. வயிற்றைத் திறந்தார்கள், பிழைக்கவில்லை. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வயதான பெட்டை தண்ணீராகக் குடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன்.

பாட்டியோடு வாதாடாதே. ஒன்று மட்டும் கேள்: அவர்கள் காலத்தில் பெட்டைக்குட்டிகளை என்ன செய்தார்கள்? எனக்குப் பத்து வயதிருக்கும்போது நான்கு குட்டிகளைச் சாக்கில் கட்டி என் கையில் தந்து, திங்கள்சந்தையில் விட்டுவிட்டு வா என்றார்கள். மீன்கடை ஓரமாக அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். ஒன்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. பாவக் கணக்கு எழுதுகிறவர் அதையும் எழுதியிருப்பார்.

இனி படிப்பு. உன் கடிதத்தில் பட்டி மட்டும்தான் வருகிறது. பட்டிப் பிரியத்தை மட்டும் நம்பி இந்தப் படிப்புக்குப் போகாதே. அரசு வேலையில் சேர்ந்தால் முக்கால்வாசி நேரம் மாடும் ஆடும் கோழியும்தான். நஞ்சுக்கொடி விழாத பசுவுக்குள் தோள்வரை கையை விடவேண்டும். நம் ஊரில் ராத்திரி வரும் அழைப்புகளில் ஒன்று, "மாடு மரச்சீனி எலையைத் தின்னுட்டு" என்பது. மரவள்ளி இலைதான், அதில் சயனைடு உண்டு. மாடு வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும், இரத்தம் செக்கச்செவேலென்று இருக்கும். மாற்று மருந்தான தயோசல்பேட்டை நரம்பில் ஏற்றும்வரை ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான். ரப்பர் இலையிலும் அந்த விஷம் உண்டு என்பது உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். நண்பர் போய்ச் சேர்வதற்குள் செத்த மாடுகளும் உண்டு. அந்த வீட்டு அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு வருவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், வழி நீ பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. படிப்பு ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் பயிற்சி. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். நீட் வழியாகப் போவது அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உனக்கு உண்டு. நம் மாவட்டத்தில் கல்லூரி கிடையாது. 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. பக்கத்தில் என்றால் திருநெல்வேலி இராமையன்பட்டி, 2012இல் வந்தது. நம் ஊரில் பட்டி என்றால் நாய், அங்கே பட்டி என்றால் ஊர். "இராமையன்பட்டியில் படிக்கிறேன்" என்று சொன்னால் பாட்டி ஒரு வாரம் சிரிப்பாள்.

சேர்ந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள். கடி வாங்காத மாட்டு டாக்டரை நண்பர் பார்த்ததில்லையாம்.

அப்பா நர்சிங் சொல்வதைத் தப்பென்று சொல்லமாட்டேன். நம் ஊரில் எத்தனை வீட்டுக் கூரை நர்சு மகள் அனுப்பிய காசில் காங்கிரீட் ஆனது என்று அவர் பார்த்திருக்கிறார். அவர் பயம் காசைப் பற்றியது. அதற்குப் பதிலாகப் பட்டிப் பாசத்தைச் சொல்லாதே. இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் வேலை இருக்கிறது, அதைச் சொல்.

பொன்னிக்குத் தையல் பிரிக்க இன்னும் சில நாள் இருக்கும். அதுவரை கழுத்து வளையத்தைக் கழற்றாதே, பாவம் பார்த்து ஒரு நிமிஷம் கழற்றினாலும் நக்கிப் பிரித்துவிடும். பிரிக்கப் போகும்போது அந்த டாக்டரிடமே கேள், சனிக்கிழமைகளில் வந்து நிற்கட்டுமா என்று. பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலும் கேள். சினை ஊசி போட வரும் மாடுகளையும், சாணியையும், டாக்டரிடம் கத்துகிற ஆட்களையும் பத்துக் காலை பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுது.

அப்பாவின் எண்ணை அனுப்பு, நானும் பேசுகிறேன். காலையில் கூப்பிட்டுப் பயனில்லை, பால் வெட்டிவிட்டு வந்து படுத்திருப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்.